எங்கள் வளாகக் கலைக்கூடத்தின் முதற் பருவம்: எதை மாட்டுவது, எப்போது திறப்பது?

குளக்கட்டு | ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். நான் வன்னியில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் வேலை செய்கிறேன். எது என்று எழுதவில்லை. கண்டுபிடித்தவர்கள் மனதுக்குள் வைத்திருங்கள்.

வளாகத்தில் ஒரு பழைய வாசிப்பு மண்டபம் காலியாகிவிட்டது. பரீட்சைக் கதிரை அடுக்கும் களஞ்சியமாகப் போகவிருந்த இடம். நாங்கள் நாலைந்து பேர் கெஞ்சிக் கேட்டு அதைக் கலைக்கூடத்துக்கென்று வாங்கியிருக்கிறோம். நீளம் 46 அடி, அகலம் 22 அடி. மேற்குப் பக்கம் ஆறு யன்னல். மூன்று மின்விசிறி, அதில் ஒன்று சுத்தாது. குளிரூட்டி இல்லை.

எங்களிடம் நுண்கலைத்துறையும் இல்லை. வன்னியில் எந்த வளாகத்திலும் இல்லை. கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பக்கம் விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம். வவுனியா பம்பைமடுவில் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கை, தொழில்நுட்பக் கற்கை. கீறப் படிக்க விரும்புகிற பிள்ளை யாழ்ப்பாணம் போக வேண்டும், இல்லாவிட்டால் மட்டக்களப்பு. ஆகவே இந்தக் கலைக்கூடத்தை நடத்தப்போவது கணக்கியலும் மண்ணியலும் படித்தவர்கள்.

நான்கு காட்சி யோசித்திருக்கிறோம். முதலாவது, வெளியே போய் நுண்கலை படிக்கிற வன்னிப் பிள்ளைகளின் ஓவியம். இரண்டாவது, இடம்பெயர்வுகளுக்குப் பிறகும் மிஞ்சிய குடும்பப் படங்கள். மூன்றாவது, குளங்களின் வரைபடம். நான்காவது, முல்லைத்தீவுப் பக்கத்து முல்லைமோடிக் கூத்தின் உடுப்பும் முடியும். ஒவ்வொன்றும் ஆறு கிழமை. தொடக்கவிழா மே இரண்டாம் கிழமை.

நல்லது கெட்டது சொல்லுங்கள். ஏசினாலும் பரவாயில்லை.


வீரை | ஞாயிறு, இரவு 9.41

அப்படியென்றால் முதல் ஏச்சு என்னுடையது.

நான் படித்த வளாகத்தில் கோடை வந்தால் விடுதியில் இரண்டு மணித்தியாலம்தான் தண்ணீர். வாளியோடு வரிசையில் நின்று படித்துத்தான் பொறியியலாளரானோம். கலைக்கூடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாருக்கு என்று கேட்கிறேன். கொழும்பிலிருந்து நாலு பேர் பெரிய வாகனத்தில் வந்து, எங்கள் சனத்தின் துன்பத்தைச் சுவரில் பார்த்து, தலையை ஆட்டி, இரணைமடுக் குளத்தைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இரண்டாவது காட்சியை வாசித்தவுடன் எனக்கு அதுதான் கண்ணுக்குள் வந்தது.


பாலைப்பழம் | ஞாயிறு, இரவு 10.05

மே இரண்டாம் கிழமையா? தம்பி குளக்கட்டு, நாள்காட்டியைப் பார்த்துத்தான் எழுதினீரா?

மே 12 தொடங்கி 18 வரை, 2009 போரின் முடிவில் செத்த சனத்தை நினைத்து இங்கே ஊரூராகக் கஞ்சி காய்ச்சுகிற கிழமை. 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் நிற்பார்கள். அந்தக் கிழமையில் நாடா வெட்டி, மாலை போட்டு, வரவேற்புரை வாசிக்கப் போகிறீரா? அது முடிய வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். முல்லைத்தீவுப் பக்கத்துச் சனம் அந்த நாட்களில் வேறு ஒரு இடத்துக்கும் அசையாது.

நான் முப்பது வருடம் சித்திர ரீச்சர். கலைக்கூடம் என்றதும் எனக்குச் சந்தோசத்தில் நித்திரை வரவில்லை. திகதியைப் பார்த்ததும் வந்த நித்திரையும் போய்விட்டது.


குளக்கட்டு | ஞாயிறு, இரவு 10.11

ரீச்சர், உண்மையிலேயே வெட்கமாக இருக்கிறது. நிதியாண்டையும் விடுமுறையையும் பார்த்துப் போட்ட திகதி. மாற்றுகிறோம்.


ஏ9 கடைசிபஸ் | திங்கள், காலை 5.50

விடியவே வாசித்தேன். வயலுக்குப் போகமுன் ஒன்று எழுதிவிட்டுப் போகிறேன்.

சனம் வரவேண்டுமென்றால் சனத்தின் போகத்தைப் பாருங்கள். ஒக்டோபர், நவம்பரில் காலபோக விதைப்பு. அப்போது ஒருவரும் வரமாட்டார். வந்தாலும் உங்கள் நிலம் முழுக்கச் சேறுதான். தை பிறந்தால் அறுவடை தொடங்கிவிடும். அது முடிந்து கையில் காசு நிற்கிற காலம் மாசி கடைசியும் பங்குனியும். அதிலும் பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலில் பொங்கல். ஜூலை 2, ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா. வேதக்காரர் என்றில்லை, எங்கள் வீட்டிலும் போவோம்.

இன்னொன்று. ஐந்து மணிக்குப் பூட்டினால் கமக்காரன் பார்க்க ஏலாது. ஏழு மணிவரை திறந்தால் திரும்பிப் போகப் பஸ் இல்லை. இதற்கு ஒரு வழி சொல்லுங்கள், மாடு கன்றைக் கட்டிவிட்டு வருகிறேன்.


குளக்கட்டு | திங்கள், மதியம் 12.30

அண்ணை சொன்னதை அப்படியே கூட்டத்தில் வாசித்தேன். ஒரு விரிவுரையாளர் சிரித்துவிட்டு, “எங்களுக்குப் பருவம் என்றால் செமஸ்டர், இவருக்குப் பருவம் என்றால் பருவம்” என்றார். நூலகத்துக்கு வெளியே வாடகைக்கு நிற்கிற ஒரு சின்னப் பஸ்ஸைச் சனிக்கிழமை மட்டும் மாலை 6.30க்கு சந்திவரை விடலாமா என்று கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை.


பாலைப்பழம் | திங்கள், பின்னேரம் 4.20

முதலாவது காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகளின் ஓவியத்தைத் தெரிவு செய்யும்போது ‘வன்னி’ என்ற தலைப்புக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் பனைமரம், மாட்டுவண்டில், குளத்தில் சூரியன் விழுவது மூன்றும் வரும். எனக்குத் தெரியும், நான்தானே படிப்பித்தேன்.

2012, 2013 அளவில் மீள்குடியேறிய பிள்ளைகளிடம் ‘என் வீடு’ கீறச் சொன்னேன். நாற்பது பிள்ளையும் ஒரே வீட்டைக் கீறின. ஒரே கூரை, ஒரே யன்னல், ஒரே விறாந்தை. பார்த்துக் கீறினீர்களா என்று ஏசினேன். பிறகுதான் உறைத்தது. எல்லோருக்கும் வீட்டுத்திட்டத்து வீடு. வரைபடமே ஒன்றுதான். ஒரு பிள்ளை மட்டும் சுவரில் உள்ள வெடிப்பையும் கீறியிருந்தாள். அவள் இப்போது மட்டக்களப்பில் படிக்கிறாள். அவளைக் கட்டாயம் கூப்பிடுங்கள்.


ரொறன்ரோ பனி | திங்கள், இரவு 11.58

இங்கே இப்போது மதியம். வேலைத்தளத்தில் ஒளித்திருந்து எழுதுகிறேன்.

குடும்பப் படம் என்று எழுதியிருக்கிறீர்கள். வன்னியில் எத்தனை வீட்டில் 2009க்கு முந்திய படம் இருக்கிறது? எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. சொப்பிங் பையில் காணி உறுதியும் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் வந்தன. அல்பம் பாரம் என்று விசுவமடுவில் கிணற்றடியில் வைத்துவிட்டு வந்ததாக அம்மா சொல்வா.

ஆனால் அந்தப் படங்கள் என்னிடம் இருக்கின்றன. எப்படி? மாமா 1986இல் கனடா வந்தவர். கல்யாணம், சாமத்தியவீடு, அறுபதாம் கலியாணம், செத்தவீடு என்று எது நடந்தாலும் அம்மா ஒரு பிரதி எடுத்து அவருக்கு அனுப்புவா. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் நீல மையில் எழுத்து. “அண்ணா, வலது பக்கம் நிற்பது யார் என்று சொல்லுங்கோ பார்ப்பம்.” மாமா செத்த பிறகு அல்பம் எனக்கு வந்தது. பழைய கலர்ப் படங்கள், எல்லோரும் சிவந்துபோய் நிற்கிறோம்.

எங்கள் வீட்டுப் படம் எங்கள் வீட்டில் இல்லை, ரொறன்ரோவில் ஒரு நிலக்கீழ் அறையில் இருக்கிறது. நீங்கள் வன்னிக்குள் தேடினால் வெறுங்கையோடுதான் நிற்பீர்கள். லண்டன், சுவிஸ், பிரான்ஸ், நோர்வே, இந்தப் பக்கத்து அலுமாரிகளைத் திறக்கச் சொல்லுங்கள்.


குளக்கட்டு | செவ்வாய், காலை 7.15

இதை வாசித்துவிட்டுக் காட்சியையே மாற்றி எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். ‘மிஞ்சிய படங்கள்’ என்றிருந்ததை அடித்துவிட்டேன். திரும்பி வந்த படங்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்து எழுத்தையும் சேர்த்து வைப்பது. அனுப்ப விரும்புபவர்கள் மூலப்படத்தை அனுப்ப வேண்டாம், பிரதி போதும். எப்படிப் பிரதி எடுப்பது என்று தெரிந்தவர் யாராவது சொல்ல முடியுமா?


கல்லடிப்பாலம் | செவ்வாய், காலை 10.40

நான் மட்டக்களப்பு. விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்தேன். பிறகு காட்சிக்கூடங்களில் பெட்டி தூக்கி, ஆணி அடித்து, கொஞ்சம் பாதுகாப்பு வேலையும் கற்றுக்கொண்டேன். தெரிந்ததை எழுதுகிறேன், நீளமாக இருக்கும்.

அந்தச் சிவப்பு: பழைய கலர்ப் படத்தில் மூன்று சாயம் இருக்கும். இருட்டில் பூட்டி வைத்திருந்தாலும் அதில் நீலப்பச்சைச் சாயம் முதலில் செத்துவிடும். மிச்சம் நிற்பது சிவப்பு. பிரதி எடுத்த பிறகு கணினியில் ஓரளவு திருத்தலாம். நான் என்றால் திருத்தாமலே வைப்பேன்.

ஒட்டும் தாள் அல்பமாக இருந்தால் படத்தை நகத்தால் கிளப்ப வேண்டாம். பல் இடுக்குத் துப்பரவாக்குகிற நூலைப் படத்துக்கும் தாளுக்கும் இடையில் விட்டு, இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல அறுத்துக்கொண்டு வாருங்கள். வரமறுத்தால் விட்டுவிடுங்கள், தாளோடு சேர்த்து ஸ்கேன் செய்யலாம். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தையும் பிரிக்கக்கூடாது. பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலாலேயே எடுங்கள். லமினேற் செய்த படத்தை இனி ஒன்றும் செய்ய ஏலாது, பிரதி மட்டும்.

ஸ்கேன் அங்குலத்துக்கு 600 புள்ளி. கடவுச்சீட்டுப் படம்போலச் சின்னதென்றால் 1200. ஸ்கேனர் இல்லாவிட்டால் தொலைபேசி போதும். ஆனால் மேலே நேராகப் பிடிக்க வேண்டும், இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒவ்வொரு விளக்கு. ஒரு விளக்கு மட்டும் வைத்தால் பளபளப்பு அடிக்கும்.

இனி உங்கள் மண்டபம். மேற்கே ஆறு யன்னல் என்று வாசித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடதாசி, புகைப்படம், துணி மூன்றுக்கும் 50 லக்ஸ் வெளிச்சம்தான் அளவு. பின்னேர வெயில் நேராக விழுந்தால் அது பல்லாயிரம் லக்ஸ். ஆறையும் மூடுங்கள். அழகுக்கு ஒன்று இருக்கட்டும் என்று யாராவது சொல்வார், கேட்க வேண்டாம். மூடினால் காற்று வராது, மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே சட்டகத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல், பின்னால் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு வைத்து அரை அங்குலம் தள்ளி மாட்டுங்கள். சுத்தாத அந்த மின்விசிறியைத் திருத்துங்கள். அதுதான் உங்கள் முதற் செலவு.


வீரை | செவ்வாய், பகல் 11.25

மின்விசிறியில் அனேகமாகக் கொண்டென்சர் போயிருக்கும். சின்னச் சாமான். யாராவது ஏறிப் பாருங்கள்.

(ஏசியவன்தான். மின்விசிறி சும்மா நிற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.)


நீராவிப்பிட்டி | செவ்வாய், இரவு 8.30

சகோதரர்களுக்கு ஸலாம். “இடம்பெயர்வுகள்” என்று பன்மையில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பன்மைக்குள் 1990 ஒக்டோபர் இருக்கிறதா?

எங்கள் முஸ்லிம் சனத்தை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது உம்மா கையில் ஒரு படமும் எடுக்கவில்லை. நான் பிறந்தது புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில். முல்லைத்தீவில் நாங்கள் இருந்ததற்கு எங்கள் வீட்டில் படச் சாட்சி கிடையாது. ஆனால் வாப்பாவின் கூட்டாளி ஒருவர், தமிழ் ஆள், தண்ணீரூற்றுக்காரர். அவருடைய கல்யாணப் படத்தில் வாப்பா மாப்பிள்ளைத் தோழன்போலப் பக்கத்தில் நின்றாராம். அந்தப் படம் எங்கேயாவது ஒரு வெளிநாட்டு அல்பத்தில் இருக்கக்கூடும். இருந்தால் எனக்கும் அது குடும்பப் படம்தான்.


பாலைப்பழம் | செவ்வாய், இரவு 8.52

இருக்க வேண்டும், மகன். இல்லாவிட்டால் நான் அந்த மண்டபத்துக்குள் கால் வைக்கமாட்டேன்.


ரொறன்ரோ பனி | செவ்வாய், இரவு 9.30

இங்கே தண்ணீரூற்று ஆட்கள் ஒரு வைபர் குழு வைத்திருக்கிறார்கள். கேட்டுப் பார்க்கிறேன். ஊர்ச் சண்டைக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் மட்டும் பாவிக்கிற குழு, ஒருமுறையாவது உருப்படியாகப் பயன்படட்டும்.


பாரதிபுரம் | புதன், காலை 6.35

என் தாத்தா 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டத்தில் இருந்து கிளிநொச்சிக்கு வந்தவர். எங்களை இங்கே இன்றைக்கும் சில பேர் ‘வந்த ஆக்கள்’ என்றுதான் கதைப்பார்கள். நாற்பது வருடத்துக்கு மேலாகிறது, இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறோம் போலிருக்கிறது.

எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே பழைய படம் ஸ்ரூடியோவில் எடுத்தது. தாத்தா கோட்டுப் போட்டிருப்பார். கோட்டு ஸ்ரூடியோக்காரருடையது. பின்னால் கீறிய மலையும் அருவியும். வன்னிக் காட்டுக்குள் வந்த பிறகு அந்த மலைப்படத்தைப் பார்த்து அப்பாயி அழுவாவாம், அது கீறிய மலை என்று தெரிந்தும்.

இதெல்லாம் ‘வன்னிப் படம்’ ஆகுமா?


ஏ9 கடைசிபஸ் | புதன், மாலை 7.05

தம்பி, இரணைமடுவுக்குக் கீழே குடியேற்றத்தில் காணி எடுத்தவர்கள் யாழ்ப்பாணத்தார். முத்தையன்கட்டு, விசுவமடுவில் படித்த வாலிபர் திட்டத்துக்கு வந்து மிளகாயும் வெங்காயமும் போட்டவர்களும் வெளியூர்ப் பெடியள்தான். என் அப்பா அதில் ஒருவர். அப்படிப் பார்த்தால் நானும் வந்த ஆள்தான். படத்தைக் கொண்டு வாரும்.


வீரை | புதன், இரவு 9.48

சரி, இனி நான் பாரமான ஒன்றைக் கேட்கிறேன்.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். தாய்மார் பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் இருந்தார்கள். அந்தப் படத்தை அவர்கள் பிடித்திருப்பது, பார்த்தவர் யாராவது ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று சொல்வாரா என்பதற்காக. இப்போது உங்கள் மண்டபத்தில் ஒரு சாமத்தியவீட்டுப் படம் தொங்குகிறது என்று வையுங்கள். மூலையில் சிரித்துக்கொண்டு ஒரு பெடியன். அவன் யாரோ ஒருவரின் தேடப்படுகிற மகன். அவனுடைய தாய் உள்ளே வருகிறா. நீங்கள் சட்டகத்துக்குக் கீழே என்ன எழுதியிருப்பீர்கள்? ‘இருந்தார்’ என்றா, ‘இருக்கிறார்’ என்றா?


குளக்கட்டு | வியாழன், அதிகாலை 1.15

இரண்டு மணித்தியாலமாக இதற்கு ஒரு பதில் எழுதி எழுதி அழிக்கிறேன். என்னிடம் இல்லை.


பாலைப்பழம் | வியாழன், காலை 6.00

வினைச்சொல்லே எழுதாதீர்கள். பெயர், உறவு, ஊர். “மகன். அண்ணன். முள்ளியவளை.” எங்கள் மொழியில் அது முழு வாக்கியம்தான், யாரும் குறை சொல்லமாட்டார்கள். திகதி எழுதினால் அது படம் எடுத்த திகதி மட்டும். ஆளுக்குத் திகதி வேண்டாம்.

பிறகு, படத்தில் இருக்கிற ஒவ்வொரு வீட்டாரிடமும் கேட்காமல் ஒரு படத்தையும் மாட்டக்கூடாது. அனுப்பியவர் சம்மதித்தால் போதாது. ஒரு படத்தில் பன்னிரண்டு பேர் நின்றால் பன்னிரண்டு வீட்டுக்கும் போக வேண்டும். மெத்தப் படம் சேர்க்க ஏலாது. முப்பது சேர்ந்தால் போதும்.


வீரை | வியாழன், காலை 7.20

ரீச்சர், ஒத்துக்கொள்கிறேன். வீடுகளுக்குப் போக ஆள் தேவையென்றால் ஒட்டுசுட்டான் பக்கம் என்னைப் போடுங்கள். மோட்டார் சைக்கிள் இருக்கிறது.


முள்ளியவளைச்சந்தி | வியாழன், மதியம் 1.10

எல்லோரும் படத்தோடு நிற்கிறீர்கள். கூத்து உடுப்பைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே.

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கோவலனின் முடியை வைத்தால் அது செத்த முடி. கோவலன் கூத்தைத் தெரிந்த ஒரு அண்ணாவியாரையும் மத்தளக்காரரையும் மூன்று சனிக்கிழமை கூப்பிடுங்கள். உடுப்பை மாட்டுவதையும் முடியைக் கட்டுவதையும் சனம் பார்க்கட்டும். மிச்ச நாளில் மண்டபத்தைப் பூட்டினாலும் குற்றமில்லை. காசு அண்ணாவியாருக்குக் கொடுங்கள், கண்ணாடிப் பெட்டிக்கு வேண்டாம்.


குளக்கட்டு | வியாழன், பின்னேரம் 3.00

நன்றி அண்ணை. கண்ணாடிப் பெட்டிக்கு வாங்கிய விலைமதிப்பைக் கிழித்தாயிற்று.


ஏ9 கடைசிபஸ் | வியாழன், இரவு 7.40

குளத்து வரைபடத்தை ஒக்டோபரில் போடுங்கள். மழை தொடங்கி, எந்தக் குளம் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எல்லோரும் கதைக்கிற நேரம் அது. நில அளவைத் திணைக்களத்தின் ‘அங்குலத்துக்கு ஒரு மைல்’ வரைபடம் பழசு நல்லது. பெரிதாக்கி மேசையில் விரியுங்கள், பென்சில் கட்டி விடுங்கள். காட்டுக்குள் தூர்ந்துபோன குளமெல்லாம் அதில் சின்ன நீலப் புள்ளியாக இருக்கும், பெயர் தப்பாக இருக்கும். எங்கள் கமக்காரர் அமைப்பில் எண்பது வயது தாண்டிய இரண்டு பேர் இருக்கிறார்கள். தண்ணீர் திறக்கிற துருசு எங்கே இருந்தது, மிச்சத் தண்ணீர் வழிகிற வான் எந்தப் பக்கம் பாய்ந்தது, தண்ணீர் நிற்கிற அலைகரை எதுவரை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அவர்கள் கீறட்டும். விதைப்புக்காலம்தான், ஆனால் மழை நாளில் வயலுக்குள் இறங்க ஏலாது, வருவார்கள். நான் முதலில் எழுதியதற்கு இது எதிர் என்று யாரும் சொல்ல வேண்டாம். எனக்கே தெரியும்.


சீலைத்தலைப்பு | வெள்ளி, இரவு 10.20

இங்கே பல வருடமாக வாசிப்பேன், எழுதியதில்லை. கல்லடிப்பாலம் அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். கண்காட்சிக்கு இல்லை. வீட்டுக்கு.

அம்மாவின் கல்யாணக் கூறைச்சீலையின் ஒரு பகுதி இருக்கிறது. போரின் கடைசி மாதங்களில் நாங்கள் இருந்த மாத்தளனில் நிலம் முழுக்கக் கடற்கரை மணல். பதுங்குகுழி வெட்ட வெட்டச் சரியும். மண்மூட்டை அடுக்கினால்தான் நிற்கும், உரப்பை கிடைக்காது. எல்லா வீட்டிலும் சீலையைக் கிழித்துப் பை தைத்தார்கள். அம்மா தன்னுடைய எல்லாச் சீலையும் முடிந்த பிறகு கடைசியாகக் கூறையை எடுத்தா. ஐந்து பை வந்தது. வெளிக்கிடும்போது ஒரு பையை மட்டும் மணலைக் கொட்டி மடித்துக்கொண்டு வந்தா. முகாமிலும் இருந்தது. இப்போது அலுமாரியில் பூச்சிமுட்டையோடு இருக்கிறது. சரிகை கறுத்துவிட்டது. மடித்த இடத்தில் நூல் விட்டுப்போகிறது. மணலும் இன்னும் கொஞ்சம் தையலுக்குள் இருக்கிறது. கழுவலாமா?


கல்லடிப்பாலம் | வெள்ளி, இரவு 10.34

தங்கச்சி, கழுவ வேண்டாம். தண்ணீரில் போட்டால் பட்டு நூல் மடிப்போடு அறுந்துவிடும், சாயமும் இறங்கும். அந்த மணல் அங்கேயே இருக்கட்டும்.

பூச்சிமுட்டையை எடுத்துவிடுங்கள், துணியில் படக்கூடாது. பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியைக் கஞ்சி போகத் துவைத்து, நன்றாகக் காயவிட்டு, அதை ஒரு மேசையில் விரித்துச் சீலைத்துண்டை அதற்குமேல் விரியுங்கள். மடிக்க வேண்டாம். இடம் இல்லாவிட்டால் தடித்த கடதாசிக் குழாயில் அதே வேட்டியைச் சுற்றி, அதற்குமேல் சீலையைத் தளர்வாகச் சுற்றுங்கள். தையலைப் பிரிக்க வேண்டாம். சரிகையை மினுக்கவும் வேண்டாம். மாரிக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் நிழலில் எடுத்துக் காற்றுப்பட வையுங்கள்.

எந்தக் கை தைத்தது என்று கேட்கலாமா? கைத்தையலா, மெசினா?


சீலைத்தலைப்பு | வெள்ளி, இரவு 10.50

கைத்தையல். ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் நான். எனக்கு அப்போது பதினொரு வயது. என் பக்கத்துத் தையல் கோணல்.


குளக்கட்டு | சனி, காலை 9.00

தங்கச்சி, கேட்பது சரியா பிழையா தெரியவில்லை. முடியாது என்றால் ஒன்றும் எழுதவே வேண்டாம், நாங்கள் விளங்கிக்கொள்வோம். படக் காட்சியின் கடைசியில் ஒரு சின்ன அறை இருக்கிறது. முன்பு நூலகரின் அறை, யன்னல் இல்லை. அந்தச் சீலையை அங்கே ஒரு மேசையில் வைக்க அம்மா சம்மதிப்பாவா?


வீரை | சனி, காலை 9.12

அவசரப்படாதீர்கள் என்று சொல்ல வந்தேன், அதற்குள் எழுதிவிட்டீர்கள்.


சீலைத்தலைப்பு | திங்கள், இரவு 8.15

அம்மாவிடம் கேட்டேன். முதலில் ஏசினா. “கிழிஞ்ச சீலையை ஆர் பாக்கிறது, வெக்கம் கெட்ட வேலை” என்றா. பிறகு சாப்பிடும்போது தானாகவே கேட்டா, “கண்ணாடி போடுவினமோ?” நேற்று முழுக்க ஒன்றும் கதைக்கவில்லை. இன்றைக்குப் பின்னேரம் சொன்னா.

தனியே விட்டுவிட்டு வரமாட்டாவாம். சீலை மேசையில் இருக்கிற நேரம் தானும் பக்கத்தில் இருப்பாவாம். யாரும் தொடக்கூடாது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டால் மட்டும் சொல்லுவாவாம். பெரியாக்கள் கேட்டால் சொல்லமாட்டாவாம். சனிக்கிழமை மட்டும்தான், கோழிக்குத் தீன் போட்டுவிட்டுத்தான். பின்னேரம் சீலையும் தன்னோடு வீட்டுக்கு வந்துவிட வேண்டுமாம்.

அதோடு ஒரு கதிரை போடச் சொன்னா. முழங்கால் நோவு.


கல்லடிப்பாலம் | திங்கள், இரவு 8.31

மேசையின் உயரத்தை 75 சென்ரிமீற்றராக வையுங்கள், அம்மா இருந்தபடியே பார்க்கக்கூடியதாக. படங்களையும் கொஞ்சம் கீழே இறக்குங்கள். கலைக்கூடங்களில் படத்தின் நடு 150 சென்ரிமீற்றரில் நிற்பது வழக்கம். உங்களுக்கு வரப்போவது அம்மம்மாக்களும் பிள்ளைகளும், 138 போதும்.


குளக்கட்டு | திங்கள், இரவு 9.05

இதுவரை முடிவானது: பங்குனியில் பிள்ளைகளின் ஓவியம். மே மாதம் மண்டபம் பூட்டு. திரும்பி வந்த படங்களை ஜூன் கடைசியில் இருந்து செப்டெம்பர் வரை நீட்டுகிறோம், ஆறு கிழமை போதாது. ஒக்டோபரில் குளங்கள். தை அறுவடை முடிய மூன்று சனிக்கிழமை கூத்து. சுத்தாத மின்விசிறி சுத்துகிறது, கொண்டென்சர்தான். யன்னல் ஆறும் மூடியாயிற்று. சின்ன பஸ்ஸுக்குச் சனிக்கிழமைகளில் அனுமதி கிடைத்திருக்கிறது, மாலை 6.30.

கதிரை தேடி எடுத்துவிட்டோம். கைபிடி உள்ளது.


ரொறன்ரோ பனி | செவ்வாய், காலை 4.40

நீராவிப்பிட்டி தம்பி, உள்பெட்டியைப் பாரும். சுவிஸில் இருந்து ஒரு கல்யாணப் படம் வந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு இடது பக்கம் வெள்ளைச் சேட்டோடு ஒருவர் நிற்கிறார். உம்மாவிடம் காட்டிவிட்டுச் சொல்லும்.


நீராவிப்பிட்டி | செவ்வாய், காலை 6.10

உம்மா சுபஹ் தொழுதுகொண்டிருக்கிறா. முடியட்டும், காட்டுகிறேன்.